சாரிசார்டின் நெருப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

போக்கிமான் கார்டு விளையாட்டில், நெருப்பைக் கக்கும் சாரிசார்ட் என்ற போக்கிமானின் பெயரில் இதுவரை வந்த கார்டுகளைப் பரப்பி வைத்தால் ஒரு சாப்பாட்டு மேசை போதாது. நெருப்பு வகை உண்டு, இருள் வகை உண்டு, டிராகன் வகையும் உண்டு. எச்.பி., அதாவது வீழ்வதற்கு முன் தாங்கும் அடியின் அளவு, 80 உள்ளதும் இருக்கிறது, 330 உள்ளதும் இருக்கிறது. இதில் எது பெரிய சாரிசார்ட் என்று பேச்சு வந்தால் உடனே எண்களை எடுத்து அடுக்குவதுதான் வழக்கம். இது 100 டேமேஜ் அடிக்கும், அது 300 அடிக்கும், ஆகவே அதுதான் பெரியது என்று பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஒப்பீட்டில் ஒன்றும் தெரியவராது. 1999-ல் எதிரில் நின்றவற்றுக்கு 70 எச்.பி. இருந்தது, இப்போது நிற்பவற்றுக்கு 220, 310, 330. சாரிசார்ட் ஏறியபோது எல்லாமே கூடவே ஏறிவிட்டன. எனக்குப் பயன்படும் கேள்வி வேறு. ஒவ்வொரு சாரிசார்டையும் கையில் எடுத்து, நெருப்பை விடுவதற்கு இந்தக் கார்டு என்ன கேட்கிறது, அதை யாரிடம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் சாரிசார்ட் முதல் 2023-ல் வந்தது வரை அந்தப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பதிப்பு மேசையில் வென்றதற்கும் இன்னொன்று ஃபைலில் உறைக்குள்ளேயே கிடந்ததற்கும் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

விளையாடிப் பழக்கமில்லாதவர்களுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு 60 கார்டு கொண்ட ஒரு டெக். ஒரே பெயரில் 4 கார்டுக்கு மேல் வைக்கக்கூடாது, அடிப்படை எனர்ஜி கார்டுகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தாக்குவதற்கு போக்கிமானின் மேல் எனர்ஜி கார்டு இருக்க வேண்டும். ஒரு டர்னுக்குக் கையிலிருந்து ஒரே ஒரு எனர்ஜிதான் வைக்கலாம். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் உங்கள் 6 பிரைஸ் கார்டுகளில் ஒன்றை எடுப்பீர்கள், ஆறையும் எடுத்தால் வெற்றி. சாரிசார்ட் நேரடியாகக் களத்தில் இறங்காது. முதலில் சார்மாண்டர், அது வளர்ந்து சார்மீலியன், அதற்கு மேல்தான் சாரிசார்ட். வைத்த டர்னிலேயே வளர்க்க முடியாது என்பதால் ஒவ்வொரு படிக்கும் ஒரு டர்ன் காத்திருக்க வேண்டும்.

100 டேமேஜ், எதிரில் 70 எச்.பி.

ஜப்பானில் 1996 அக்டோபரில் மீடியா ஃபேக்டரி வெளியிட்ட முதல் தொகுப்பில் சாரிசார்ட் இருந்தது. ஆங்கிலத்தில் 1999 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை பேஸ் செட் என்ற பெயரில் கொண்டுவந்தது. 102 கார்டு கொண்ட அந்தத் தொகுப்பில் சாரிசார்டின் எண் 4. படம் வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா. சிறகை விரித்து, வாயைத் திறந்து தீயைக் கக்கும் அந்தப் படத்தை விளையாட்டே தெரியாதவர்கள்கூட எங்கேயாவது பார்த்திருப்பார்கள்.

எச்.பி. 120. அந்தத் தொகுப்பில் அவ்வளவு உள்ளது இன்னொன்று சான்ஸி மட்டும்தான். தாக்குதலின் பெயர் ஃபயர் ஸ்பின், டேமேஜ் 100, அதற்கு 4 ஃபயர் எனர்ஜி வேண்டும். அடிக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் எனர்ஜி கார்டுகளில் 2-ஐ டிஸ்கார்ட் செய்தாக வேண்டும், அதாவது கழித்துப் போட வேண்டும். இதோடு எனர்ஜி பர்ன் என்று ஒரு சிறப்புச் சக்தியும் உண்டு. சாரிசார்டின் மேல் இருக்கும் எந்த எனர்ஜியையும் அந்த டர்ன் முழுக்க ஃபயர் எனர்ஜியாக மாற்றிக்கொள்ளலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் எனர்ஜி பர்ன் பெரிய வசதி. டபுள் கலர்லெஸ் எனர்ஜி என்ற கார்டு ஒன்றே இரண்டு எனர்ஜிக்குச் சமம், ஆனால் நிறமற்றது. எனர்ஜி பர்ன் அதை இரண்டு ஃபயராக்கிவிடும். ஆக இரண்டு டபுள் கலர்லெஸ் வைத்தால், நான்கு டர்ன் வேலை இரண்டு டர்னில் முடியும். ஆனால் கார்டில் எழுதியிருப்பதை இன்னொரு முறை படியுங்கள். டிஸ்கார்ட் செய்ய வேண்டியது இரண்டு எனர்ஜி கார்டு. இரண்டே டபுள் கலர்லெஸ் வைத்து அடித்தால் இரண்டும் போய், சாரிசார்ட் வெறும் கையோடு நிற்கும். வேகமாக ஏற்றினால் மொத்தமாகப் போகும். ஃபயராகவே நான்கு வைத்தால் பாதி மிஞ்சும், ஆனால் ஏற்ற நான்கு டர்ன் ஆகும். இந்தக் கணக்கு சின்ன எழுத்தில் ஒளிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இனி எதிர்ப்பக்கம். அந்தக் காலத்தில் போட்டிகளில் கொடிகட்டிப் பறந்தது ஹேமேக்கர் என்று பெயர் வாங்கிய டெக். ஹிட்மான்சான், எலக்டபஸ், பிறகு ஜங்கிள் தொகுப்பில் வந்த ஸ்கைதர் எல்லாம் சேர்ந்தது. மூன்றும் வளர்க்கவே தேவையில்லாத அடிப்படை போக்கிமான்கள், மூன்றுக்கும் 70 எச்.பி. சாரிசார்டின் 100 டேமேஜ் இவற்றில் எதன்மேல் விழுந்தாலும் 30 வீண். இரண்டு எனர்ஜி கார்டைக் காவு கொடுத்து, ஒற்றைக் கார்டாக இறங்கிய ஒன்றை வீழ்த்தி, ஒரு பிரைஸ் எடுக்கிறீர்கள். எதிராளி அடுத்த டர்னில் இன்னொரு ஹிட்மான்சானைக் கொண்டுவந்து நிறுத்துவார். உங்கள் சாரிசார்ட் மறுபடி எனர்ஜிக்குக் காத்திருக்கும்.

ஹிட்மான்சானுக்கு எதிராக சாரிசார்டுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது உண்மைதான். சண்டை வகைத் தாக்குதலில் 30 குறையும் என்பதால் ஹிட்மான்சானின் 20 டேமேஜ் ஜாப் அதன்மேல் பூஜ்யம். ஆனால் அந்தப் பாதுகாப்பு சார்மாண்டருக்குக் கிடையாது. சார்மாண்டருக்கு 50 எச்.பி.தான். ஒரே ஒரு எனர்ஜியில் ஜாப் இரண்டு முறை, கூடவே 10 டேமேஜ் சேர்க்கும் பிளஸ்பவர் ஒன்று, சரியாக 50. பெஞ்சில், அதாவது முன்னால் நிற்பதற்குப் பின்னால் காத்திருக்கும் வரிசையில், ஒளித்து வைத்தாலும் கஸ்ட் ஆஃப் விண்ட் என்ற கார்டு அதை முன்னால் இழுத்துவிடும். போக்கிமான் ப்ரீடர் கையில் இருந்தால் சார்மீலியனைத் தாண்டி நேராக சாரிசார்டாக்கலாம். அது வராத ஆட்டத்தில் சார்மாண்டரோடே கதை முடிந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி நான்கு எனர்ஜியோடு சாரிசார்ட் எழுந்து நின்றாலும், சூப்பர் எனர்ஜி ரிமூவல் என்ற கார்டு காத்துக்கொண்டிருக்கும். எதிராளி தன்னுடைய ஒரு எனர்ஜியைக் கழித்து உங்களுடைய இரண்டைக் கழிப்பார். ஒரு எனர்ஜி போதும் என்று விளையாடும் டெக்குக்கு அது லேசான செலவு. நான்கு வேண்டும் என்று காத்திருந்தவருக்கு இரண்டு டர்ன் உழைப்பு காற்றோடு போனது. தண்ணீர் வகை அதன் பலவீனம் என்பதால் பிளாஸ்டாய்ஸ் டெக்கிடம் இரண்டு மடங்கு அடியும் வாங்க வேண்டும். பிளாஸ்டாய்ஸோ ஒரே டர்னில் எத்தனை தண்ணீர் எனர்ஜி வேண்டுமானாலும் தன் பக்கத் தண்ணீர் போக்கிமான்கள்மேல் வைக்க அனுமதிக்கும். ஒரே தொகுப்பில் பிறந்த இரண்டு பெரிய போக்கிமான்களில் ஒன்று எனர்ஜியைக் கொண்டுவந்து கொட்டியது, மற்றது எனர்ஜியை எடுத்து எரித்தது. போட்டி மேசையில் மரியாதை பிளாஸ்டாய்ஸுக்குத்தான் கிடைத்தது.

ஆக முதல் சாரிசார்ட் கேட்ட விலை முழுவதும் அதை வைத்திருப்பவர் தலையில்தான் விழுந்தது. எனர்ஜி, நேரம், கார்டு, மூன்றும்.

ஒரே எழுத்து, வேறு வேறு அச்சு

விளையாட்டில் இப்படித் திணறிய கார்டுதான் ஏலத்தில் உச்சத்துக்குப் போனது. இங்கே பதிப்பு என்றால் விதி மாறுவதில்லை, அச்சு மட்டும் மாறுகிறது. பேஸ் செட் சாரிசார்ட் ஆங்கிலத்தில் முதலில் ஃபர்ஸ்ட் எடிஷன் என்று முத்திரையோடு வந்தது. படத்துக்குக் கீழே இடது பக்கம் கறுப்பில் வட்டமாக ஒரு குறி இருக்கும். அடுத்து முத்திரை இல்லாத ஷேடோலெஸ் அச்சு. அதற்குப் பிறகு பெருமளவில் அடித்த அன்லிமிடெட்.

ஷேடோலெஸ் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: படச் சட்டத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். அன்லிமிடெட் கார்டில் அந்த ஓரத்தில் ஒரு கருநிழல் ஓடும், சட்டம் கொஞ்சம் மேலே எழும்பி நிற்பதுபோல் தோன்றும். ஷேடோலெஸில் அந்த நிழல் இல்லை, எழுத்தும் சற்று மெலிதாக இருக்கும். சந்தேகம் வந்தால் அடிவரியில் காப்புரிமை ஆண்டுகளைப் படிக்கலாம். ஷேடோலெஸில் 1995, 96, 98, 99 என்று நான்கும் வரும். அன்லிமிடெட்டில் அந்த வரிசை 98-லேயே நின்றுவிடும், விசார்ட்ஸ் பெயரோடு மட்டும் 1999 என்றிருக்கும். பேஸ் செட் ஃபர்ஸ்ட் எடிஷன் சாரிசார்டுக்கும் இந்த நிழல் கிடையாது. ஆகவே முத்திரையும் இருந்து நிழலும் இருந்தால் அந்தக் கார்டை வாங்கும் முன் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

ஜப்பானிய முதல் அச்சை அடையாளம் காண்பது வேறு மாதிரி. கீழே மூலையில் வழக்கமாக இருக்க வேண்டிய அபூர்வக் குறி, அதாவது நட்சத்திரம், அதில் இருக்காது.

தரம் பிரிக்கும் நிறுவனமான பி.எஸ்.ஏ. 10-க்கு 10 கொடுத்த ஃபர்ஸ்ட் எடிஷன் சாரிசார்ட்கள் உலகத்திலேயே சுமார் 120தான். 2020 அக்டோபரில் அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் அப்படி ஒன்றைச் சுமார் 2,20,000 டாலருக்கு வாங்கினார். 2022 மார்ச்சில் இன்னொன்று 4,20,000 டாலருக்குப் போனது. இன்றைய ஸ்டாண்டர்ட் போட்டிகளில் அந்தக் கார்டை வைத்து விளையாட அனுமதியில்லை என்பது வாங்கியவர்கள் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

அரிட்டாவின் அந்தப் படத்தையும் நிறுவனம் விடவில்லை. 2000-ல் பேஸ் செட் 2, 2002-ல் லெஜெண்டரி கலெக்‌ஷன், 2016-ல் எவல்யூஷன்ஸ், 25ஆம் ஆண்டு நிறைவுக்காக 2021-ல் செலிப்ரேஷன்ஸ் என்று திரும்பத் திரும்ப அது வந்தது. அட்டையில் அதே படத்தைப் பார்த்ததும் பழைய கார்டு என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். படத்தைப் பார்க்காமல் முதலில் அடியில் உள்ள எண்ணைப் பார்ப்பது நல்லது. பேஸ் செட்டில் 4/102, பேஸ் செட் 2-ல் 4/130, எவல்யூஷன்ஸில் 11/108. செலிப்ரேஷன்ஸ் மறு அச்சில் எண்ணும் 4/102தான், ஆனால் படத்தின் மேல் 25ஆம் ஆண்டு முத்திரை இருக்கும்.

விலையை வேறு பாக்கெட்டில் தேடிய காலம்

2000-ல் டீம் ராக்கெட் தொகுப்பில் வந்த டார்க் சாரிசார்ட் முதல் பெரிய மாற்றம். கென் சுகிமோரியின் படம். எச்.பி. வெறும் 80, அதாவது பேஸ் செட் சார்மீலியனுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். தாக்குதல் கன்டினியுவஸ் ஃபயர்பால். மேலே எத்தனை ஃபயர் எனர்ஜி கார்டு இருக்கிறதோ அத்தனை முறை காசு சுண்ட வேண்டும். தலை விழும் ஒவ்வொன்றுக்கும் 50 டேமேஜ், தலை விழுந்த எண்ணிக்கைக்குச் சமமாக எனர்ஜியை டிஸ்கார்ட் செய்ய வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஃபயர் எனர்ஜி வைத்திருந்தால் சராசரியாக இரண்டு தலை விழும். டேமேஜ் 100, போகும் எனர்ஜி 2. அப்படியே ஃபயர் ஸ்பின்! வடிவமைத்தவர்கள் பழைய சாரிசார்டின் கணக்கையே எடுத்து அதில் அதிர்ஷ்டத்தைக் கலந்திருக்கிறார்கள். நான்கும் தலையானால் 200, நான்கும் பூவானால் ஒன்றுமே இல்லை, ஆனால் அப்போது எனர்ஜியும் போகாது. இரண்டு எனர்ஜி இருந்தாலே தாக்கத் தொடங்கலாம் என்பது உண்மையான முன்னேற்றம். அதற்குப் பதிலாக எச்.பி.யில் 40 போனது. எனக்கு இந்தக் கார்டு மேல் தனிப் பிரியம் உண்டு. போக்கிமான் கதைகளின் வில்லன்களான ராக்கெட் கும்பல் கட்டாயப்படுத்தி வளர்த்த மிருகம் நிதானமில்லாமல் நெருப்பை விடும் என்பதை இரண்டு வரி விதியில் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வந்த பல ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 2002-ல் நியோ டெஸ்டினியின் ஷைனிங் சாரிசார்ட், 2003-ல் ஸ்கைரிட்ஜின் கிரிஸ்டல் சாரிசார்ட், 2006-ல் டிராகன் ஃபிரான்டியர்ஸின் கறுப்பு கோல்ட் ஸ்டார், எல்லாமே சேகரிப்பாளர்கள் உயிரை விடும் கார்டுகள். இவற்றில் எதையும் அந்தந்தக் காலப் போட்டிகளை ஆட்டிப்படைத்த கார்டு என்று சொல்ல முடியாது.

2014-ல் ஃபிளாஷ்ஃபயர் தொகுப்பு இரண்டு மெகா சாரிசார்டுகளை ஒன்றாகக் கொடுத்தது. வீடியோ கேமில் எக்ஸ், ஒய் என்று இரண்டு வடிவம் வந்ததால் கார்டிலும் இரண்டு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது, ஏனென்றால் இரண்டும் அடிப்பது அதே 300 டேமேஜ். எக்ஸ் வடிவத்தின் வைல்ட் பிளேஸ் உங்கள் டெக்கின் மேலிருந்து 5 கார்டை டிஸ்கார்ட் செய்யச் சொல்கிறது. ஒய் வடிவத்தின் கிரிம்சன் டைவ் தனக்குத் தானே 50 டேமேஜ் போட்டுக்கொள்கிறது. ஒன்று எதிர்காலத்தை எரிக்கிறது, மற்றது உடம்பை எரிக்கிறது. இரண்டிலும் எனர்ஜி பத்திரமாக மேலேயே இருக்கும், ஆகவே அடுத்த டர்னும் அடிக்கலாம். பேஸ் செட்டின் பெரிய குறையை 15 ஆண்டு கழித்துத் தீர்த்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்தது. மெகாவாக மாறிய உடனே உங்கள் டர்ன் முடிந்துவிடும், அதைத் தவிர்க்க, பின்னால் வந்த ஸ்பிரிட் லிங்க் என்ற தனிக் கார்டை முன்கூட்டியே மாட்டியிருக்க வேண்டும். தவிர, இந்தப் பெரிய போக்கிமான்கள் வீழ்ந்தால் எதிராளிக்கு இரண்டு பிரைஸ்.

பிரைஸ் கார்டையே விலையாக வைப்பது அதற்குப் பிறகு இன்னும் கூடியது. ஜிஎக்ஸ், வீமேக்ஸ், வீஸ்டார், இஎக்ஸ் என்று பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் பலம் கூடிய கார்டு ரகங்கள். 2017 பர்னிங் ஷேடோஸின் சாரிசார்ட் ஜிஎக்ஸ் 250 எச்.பி., கிரிம்சன் ஸ்டார்ம் 300 டேமேஜ், அதற்கு 5 எனர்ஜி, அதில் 3-ஐ டிஸ்கார்ட் செய்ய வேண்டும். வீழ்ந்தால் 2 பிரைஸ். 2020 டார்க்னஸ் அபிளேஸின் சாரிசார்ட் வீமேக்ஸ் 330 எச்.பி., மறுபடியும் 300 டேமேஜ், மறுபடியும் 5 எனர்ஜி, 2 டிஸ்கார்ட். வீழ்ந்தால் 3 பிரைஸ், அதாவது ஆட்டத்தில் பாதி. இந்த இரண்டும் உருவத்தில்தான் வளர்ந்தவை. உள்ளே இருப்பது பெரிதாக்கப்பட்ட ஃபயர் ஸ்பின். கொண்டாடியவர்கள் பெரும்பாலும் வானவில் நிற அச்சைத் தேடி பாக்கெட் கிழித்தவர்கள்.

2019-ல் அன்புரோக்கன் பாண்ட்ஸில் வந்த ரெஷிராம் - சாரிசார்ட் ஜோடிக் கார்டு வேறு ரகம். 270 எச்.பி., வளர்க்கத் தேவையில்லாத அடிப்படை போக்கிமான், ஆகவே சார்மாண்டரைக் காப்பாற்றும் கவலையே இல்லை. ஃபிளேர் ஸ்ட்ரைக் 230 டேமேஜ், எனர்ஜி போகாது, அடுத்த டர்ன் அதே தாக்குதலை மட்டும் பயன்படுத்த முடியாது. அதே தொகுப்பில் வெல்டர் என்ற கார்டும் வந்தது. கையிலிருந்து 2 ஃபயர் எனர்ஜியைக் கூடுதலாக வைத்து, மூன்று கார்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. போட்டிகளில் நிஜமாகவே பயப்பட வேண்டியிருந்த சாரிசார்ட் அது. கவனித்தால், எரிக்கச் சொல்லாமல் ஏற்றிக் கொடுக்கும் ஏற்பாடு பக்கத்தில் வந்ததும்தான் அது நடந்தது. ஒரே குறை, அதில் பாதி ரெஷிராம்.

அந்தக் கார்டிலேயே இன்னொரு திருப்பமும் இருந்தது. அவுட்ரேஜ் என்ற சின்னத் தாக்குதல், தன்மேல் ஏற்கெனவே விழுந்த டேமேஜ் கவுன்டர் ஒவ்வொன்றுக்கும் 10 கூட்டி அடிக்கும். 2022 பிரில்லியன்ட் ஸ்டார்ஸின் சாரிசார்ட் வீஸ்டாரும் அப்படித்தான், அடிபட்டிருந்தால் 130 டேமேஜ் 230 ஆகும். அதே ஆண்டு போக்கிமான் கோ தொகுப்பில் வந்த ரேடியன்ட் சாரிசார்ட் இதை இன்னும் நீட்டியது. 250 டேமேஜுக்கு 5 எனர்ஜி வேண்டும், ஆனால் எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் ஒரு எனர்ஜி குறையும். அவர் 4 பிரைஸ் எடுத்திருந்தால் ஒரே ஒரு ஃபயர் எனர்ஜி போதும். விலையை இப்போது எதிராளியின் வெற்றியே கட்டத் தொடங்கிவிட்டது.

எரிக்காமல் கொண்டுவந்து கொடுத்த சாரிசார்ட்

2023 ஆகஸ்டில் ஆங்கிலத்தில் வந்த ஆப்சிடியன் ஃபிளேம்ஸ் தொகுப்பின் சாரிசார்ட் இஎக்ஸ், எண் 125/197. என் கணக்கில் இதுவரை வந்தவற்றில் மிகக் கச்சிதமாக வடிவமைத்த சாரிசார்ட் இதுதான். எச்.பி. 330, டெரா வகை என்பதால் பெஞ்சில் இருக்கும்வரை தாக்குதல்களின் டேமேஜ் அதன்மேல் விழாது. நெருப்புக் கார்டாக இல்லாமல் இருள் வகைக் கார்டாக அச்சிட்டார்கள். தாக்குதலுக்குக் கேட்பது மட்டும் ஃபயர் எனர்ஜி.

அதன் திறன் இன்ஃபர்னல் ரெயின். கையிலிருந்து இதை வைத்து வளர்க்கும்போது, டெக்கில் தேடி 3 ஃபயர் எனர்ஜி வரை எடுத்து உங்கள் போக்கிமான்களில் எதன்மேல் வேண்டுமானாலும் வைக்கலாம். தாக்குதல் பர்னிங் டார்க்னஸ், கேட்பது 2 ஃபயர் மட்டும், டேமேஜ் 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். எதையும் டிஸ்கார்ட் செய்யச் சொல்லவில்லை. அடுத்த டர்ன் தடையும் இல்லை.

முதல் டர்னில் சார்மாண்டரை பெஞ்சில் வைக்கிறீர்கள். இரண்டாவது டர்னில் ரேர் கேண்டி போட்டு சார்மீலியனைத் தாண்டி நேராக சாரிசார்ட் இஎக்ஸ். உடனே மூன்று ஃபயர் டெக்கிலிருந்து வருகிறது, இரண்டு இதற்கு, ஒன்று பின்னால் நிற்கும் இன்னொன்றுக்கு. அந்த டர்னுக்கான சாதாரண எனர்ஜியும் இன்னும் கையில் இருக்கிறது. அதே டர்னில் முன்னால் வந்து 180 அடிக்கலாம். 1999-ல் நான்கு டர்ன் எடுத்த வேலை இது.

அதே தொகுப்பில் பிஜியாட் இஎக்ஸும் வந்தது. ஒரு டர்னுக்கு ஒரு முறை டெக்கிலிருந்து விரும்பிய எந்தக் கார்டையும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் திறன் அதற்கு. அதுவும் ரேர் கேண்டியால் எழுப்பக்கூடியதுதான். இரண்டும் பக்கத்தில் நின்றால் அடுத்த சாரிசார்டுக்கு வேண்டியது ஒவ்வொரு டர்னிலும் கையில் வந்துவிடும். அந்த டெக் 2023 கடைசியிலும் 2024 முழுவதும் போட்டி மேசைகளில் சலிக்காமல் வந்துகொண்டே இருந்தது.

இருள் வகை என்பது வெறும் அலங்காரம் அல்ல. தண்ணீர் பலவீனம் போய், புல் வகை பலவீனம் வந்தது. அதைவிட முக்கியம், டேமேஜ் இருள் டேமேஜாக விழும். 2023-ல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் மாஸ்டர்ஸ் பிரிவை வென்றது மியூ வீமேக்ஸ் டெக். அதற்கு 310 எச்.பி., பலவீனம் இருள். அந்தக் காலத்தின் இன்னொரு பலமான டெக்கின் நாயகி கார்டிவாய் இஎக்ஸ், அதற்கும் 310, பலவீனம் இருள். சாரிசார்டின் வெறும் 180 இவற்றின்மேல் 360 ஆகும். எதிராளி ஒரு பிரைஸ்கூட எடுக்காத நேரத்திலேயே ஒரே அடியில் வீழ்த்திவிடலாம்.

எதிராளி பிரைஸ் எடுக்க எடுக்க டேமேஜ் ஏறுவதால் ஆட்டத்தின் போக்கே மாறியது. முன்னால் ஓடுகிறவர் ஒவ்வொரு பிரைஸ் எடுக்கும்போதும் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு எடுத்தால் அடி 240, அது 220, 230 எச்.பி. உள்ள பெரிய அடிப்படை போக்கிமான்களை ஒரே தட்டில் சாய்க்கும் அளவு. ஐந்து எடுத்துவிட்டால் 330. ரேடியன்ட் சாரிசார்டையும் அதே டெக்கில் ஒன்று சேர்த்து வைத்தார்கள், இரண்டுமே எதிராளியின் பிரைஸைப் பார்த்துத்தான் சூடேறும், ரேடியன்ட் வீழ்ந்தாலும் அவருக்கு ஒரு பிரைஸ்தான். வீடியோ கேம்களில் போக்கிமான்களின் விவரங்களைத் தொகுத்துச் சொல்லும் போக்கிடெக்ஸில், கடும் சண்டைகளைக் கண்ட சாரிசார்டின் நெருப்பு இன்னும் சூடாகும் என்று ஒரு குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பை விதியாகவே எழுதிய கார்டு இது. அந்த வகையில் நெருப்பு வகையே இல்லாத இந்தக் கார்டுதான் சாரிசார்டுக்கு மிக நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு ஆறு வாரம் கழித்து, 2023 செப்டம்பரில், 151 என்ற தொகுப்பில் இன்னொரு சாரிசார்ட் இஎக்ஸ் வந்தது. ஜப்பானில் வரிசை தலைகீழ்: அங்கே 151 ஜூனில் வந்துவிட்டது, மற்றது ஜூலைக் கடைசியில். இதுவும் 330 எச்.பி., ஆனால் நெருப்பு வகை, பலவீனம் தண்ணீர். எண் 6/165, போக்கிடெக்ஸில் சாரிசார்டின் எண்ணும் 6. எக்ஸ்ப்ளோசிவ் வோர்டெக்ஸ் என்ற தாக்குதல் 330 டேமேஜ் அடிக்கும், அதற்கு 4 ஃபயர் வேண்டும், அடித்ததும் 3 எனர்ஜியை டிஸ்கார்ட் செய்ய வேண்டும். பழைய ஃபயர் ஸ்பின்னை மறுபடி எழுதியிருக்கிறார்கள், இன்னும் ஒரு எனர்ஜியைக் கூடுதலாகப் பிடுங்கிக்கொண்டு. ஆப்சிடியன் ஃபிளேம்ஸ் சாரிசார்ட் எதிராளியின் ஐந்து பிரைஸைக் காட்டி எட்டும் அதே 330-ஐ இது தன் எனர்ஜியை எரித்து எட்டுகிறது.

151 சாரிசார்டின் சிறப்பு அச்சு, 199/165, மிகி குடோ வரைந்தது, அந்தத் தொகுப்பில் எல்லோரும் தேடிய கார்டு. அதற்காகவே பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள் உண்டு. ஆப்சிடியன் ஃபிளேம்ஸ் சாரிசார்டும் 125, 215, 223, 228 என்று நான்கு எண்ணில் வந்தது. நான்கிலும் எழுத்து ஒன்றுதான். போட்டிக்குப் போனவர்களுக்கு விலை குறைந்த 125-ஏ போதுமாக இருந்தது. இரண்டு தொகுப்பின் கார்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால், விதிப்படி இரண்டையும் சேர்த்து ஒரு டெக்கில் 4தான் வைக்கலாம். போட்டிக்கு டெக் எழுதியவர்கள் அந்த இடத்தில் 151 சாரிசார்டை வைக்க முன்வரவில்லை.